ஒன்பது மைல் விலகல்

காலை ஏழு மணிக்குத் தூத்துக்குடி பழைய துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய 'அலங்கார அன்னை' தோணி, பதினொரு மணிக்கு மணப்பாட்டுக்கு நேர் கிழக்கே பத்து மைல் தள்ளித் தெற்குப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. வயிறு நிறைய வெங்காயம், உருளைக்கிழங்கு, அதற்கு மேல் அட்டை அட்டையாக முட்டை. எல்லாம் மாலத்தீவுக்கு. தென்மேற்குப் பருவக்காலப் பயணத் தடை முடிந்து அந்த வருடம் போகிற முதல் நடை அது. கச்சான் காற்று இன்னும் ஓயவில்லை. மேற்கிலிருந்து அடித்துக்கொண்டே இருந்தது.

தோணியை ஓட்டும் தண்டல் ஜேசுபாதத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. அவர் ஒரு கையில் சுக்கானும் மறு கையில் கட்டஞ்சாயாவுமாக நின்றபோதுதான் வயர்லெஸ் கரகரத்தது.

"யாராவது இருக்கியளா... மணப்பாட்டுப் படகு... அடிப்பக்கம் கிழிஞ்சு தண்ணி ஏறுது... மெஷினும் நின்னு போச்சு..."

ஜேசுபாதம் சாயாவை அப்படியே கடலில் வீசிவிட்டு மைக்கை எடுத்தார்.

"ஏலே, எங்கன கெடக்கிய? ஜி.பி.எஸ். இருக்கா?"

இருந்தது. அந்தக் குரல் இரண்டு எண்களைச் சொன்னது. பாதி கரகரப்பில் மறைந்துபோக, மறுபடி சொன்னது. தோணியிலிருந்து நேர் கிழக்கே ஒன்பது மைல். படகில் இரண்டு பேர். முத்துமணி, அவன் மச்சினன் டிக்சன். விடியற்காலையில் மிதந்து வந்த ஒரு மரக்கட்டை இடித்திருக்கிறது. அதிலிருந்து கச்சான் அவர்களைக் கிழக்கே தள்ளிக்கொண்டே போகிறது. அந்தச் சின்ன வயர்லெஸ்ஸில் பேட்டரியும் சாகப்போகிறது.

கடலோரக் காவல் படைக் கப்பல் அன்றைக்குப் பாம்பன் பக்கம் இருந்தது. தகவலை வாங்கிக்கொண்டு உடனே புறப்படுவதாகச் சொன்னார்கள். ஆனால் வந்து சேர நான்கு மணி நேரமாவது ஆகும்.

"தண்ணி அள்ளிக்கிட்டே இருங்க. நான் வாரேன்" என்று சொல்லிவிட்டு ஜேசுபாதம் சுக்கானைக் கிழக்கே திருப்பினார். தோணி ஒருமுறை நன்றாகச் சாய்ந்து நிமிர்ந்தது. கீழே எங்கோ அட்டைகள் சரியும் சத்தம் கேட்டது. எஞ்சின் டிரைவர் சுடலைக்கண்ணு எண்ணெய்க் கையோடு ஓடி வந்து எட்டிப் பார்த்தான்.

"என்ன தண்டலே, எங்க போறம்?"

"ரெண்டு பேரு முங்கப் போறானுவ. உன் மெஷின் எவ்வளவு ஓடுமோ அவ்வளவும் ஓட்டு."

சுடலைக்கண்ணு உடனே கீழே இறங்கினான். ஆழ்வார்திருநகரிப் பக்கத்து வயல்காட்டுக்காரன். கடல் அவனுக்கு ஆகவே ஆகாது. ஆனால் அவன் கைபட்டால் எந்த எஞ்சினும் முக்கி முனகியாவது ஓடிவிடும்.

தூத்துக்குடியில், தோணி உரிமையாளர் கிருபாநிதியின் மாடி அலுவலகத்தில் ருஷ்தா கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காயல்பட்டினத்துப் பெண். எம்.காம். முடித்து இங்கே வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம். தோணிகளின் சுங்கத் தாள், காப்பீட்டுத் தாள் எல்லாம் அவள் பொறுப்பு. இதுவரை ஒரு தோணியிலும் அவள் கால் வைத்ததில்லை. ஆனால் திரையில் நகரும் பச்சைப் புள்ளிகளை வைத்தே ஒவ்வொன்றின் நடையும் அவளுக்குத் தெரியும். நேர்கோடாகத் தெற்கே இறங்கிக்கொண்டிருந்த 'அலங்கார அன்னை' திடீரென்று ஒடிந்து கிழக்கே போனது.

மாடியில் உயரக் கம்பம் நட்டிருந்ததால் வயர்லெஸ் அந்தத் தூரத்துக்கும் எட்டியது. "அண்ணாச்சி, டீவியேஷன் காட்டுது. என்ன ஆச்சு?"

"டீவியேஷனா? அதெல்லாம் இல்லம்மா. காம்பஸ் போன வாரம்தான் சரி பாத்தாவ."

ருஷ்தா ஒரு நொடி விழித்தாள். பிறகுதான் புரிந்தது. தண்டல்களுக்கு டீவியேஷன் என்றால் திசைகாட்டி முள் இரும்புக்குப் பயந்து இரண்டு மூன்று பாகை விலகி நிற்பது. கல்லூரியில் அவள் படித்தது வேறு. சராசரியிலிருந்து ஒவ்வொரு எண்ணும் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்ற கணக்கு அது. அவள் மேசை டிராயரில் கிடந்த காப்பீட்டுப் பத்திரத்தில் அந்த வார்த்தைக்கு மூன்றாவது அர்த்தம் இருந்தது. அதுதான் பயங்கரமானது. தகுந்த காரணமில்லாமல் பாதை விலகினால், விலகிய அந்த நிமிடத்திலிருந்து காப்பீடு கிடையாது. அப்புறம் தோணிக்கோ சரக்குக்கோ என்ன நேர்ந்தாலும் ஒருவரும் பொறுப்பில்லை.

"காம்பஸ் இல்ல அண்ணாச்சி. நீங்க பாதையை விட்டு வெளிய போறீங்க. இன்சூரன்ஸ்ல அதுக்கும் டீவியேஷன்னுதான் பேரு."

"ரெண்டு உசிரு கெடக்கும்மா."

"அப்போ போகலாம். உயிரைக் காப்பாத்தப் போனா தப்பில்ல, எழுதியிருக்கு. ஆனா பொருளைக் காப்பாத்தப் போகக்கூடாது. ஆளை ஏத்திக்கிடலாம், படகை இழுக்கக்கூடாது. நான் மணி குறிச்சுக்கிடுதேன். பதினொன்னு பதினாலு."

அவள் பின்னால் வந்து நின்ற கிருபாநிதி திரையைப் பார்த்தார். "முட்டை ஏத்தியிருக்கேனே!" என்றுதான் முதலில் அவர் வாயில் வந்தது. அடுத்த நொடி அவரே போனை எடுத்து மணப்பாட்டில் தெரிந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார்.

பன்னிரண்டரைக்குப் படகு கண்ணில் பட்டது. படகு என்று சொல்லவும் முடியாது. அலை தூக்கும்போது ஒரு நீல விளிம்பு தெரியும், இறங்கும்போது அதுவும் மறையும். ஒருவன் எழுந்து நின்று மஞ்சள் சட்டையைச் சுழற்றினான். தோணியில் இருந்த எட்டுப் பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். கடலில் அவ்வளவு சத்தத்தை ஜேசுபாதம் எப்போதோ ஒரு தடவைதான் கேட்டிருந்தார்.

காற்றை மறைக்கும்படி தோணியைப் படகுக்கு மேற்கே கொண்டுபோய் நிறுத்தினார். இரண்டுக்கும் நடுவே நாலு பாகம், அதாவது இருபது இருபத்தைந்து அடி இடைவெளி. அது ஒரு அலைக்கு நெருங்கும், ஒரு அலைக்கு விரியும். உயிர்காப்பு மிதவை கட்டிய கயிற்றை வீசினார்கள். டிக்சன் ஒரு கையால் பிடித்தான். மறு கை விரல்கள் எஞ்சினில் சிக்கி நசுங்கியிருந்தன. மூன்று பேர் சேர்ந்து இழுத்ததில் தோணியின் பக்கவாட்டில் உரசிக்கொண்டே மேலே வந்து விழுந்தான்.

"அடுத்து நீ வால!" என்று ஜேசுபாதம் படகைப் பார்த்துக் கத்தினார்.

முத்துமணி நகரவில்லை. முட்டளவு தண்ணீரில் நின்று வாளியால் அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தான்.

"நான் வரல அண்ணாச்சி! கயிறு குடுங்க, இழுத்துட்டுப் போங்க!"

"ஏலே, படகு முங்குது. ஏறுல!"

"போன தடவையும் உசிரு பெருசுன்னு ஏறுனேன். படகு போச்சு. ரெண்டு வருசம் அடுத்தவன் படகுல போயி வலை இழுத்தேன். இனி முடியாது. இதுல வந்தேன், இதுலயே போறேன்!"

டிக்சன் தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "அத்தான், அக்காவ நினைச்சுப் பாருங்க!" என்று அழுதான். அதற்கும் அவன் அசையவில்லை. வாளி மட்டும் நிற்காமல் ஏறி இறங்கியது.

ஜேசுபாதம் மைக்கை எடுத்தார். "ருஷ்தா, ஒருத்தன் ஏறிட்டான். இன்னொருத்தன் படகை விட்டு வரமாட்டேங்கான். இழுத்தாத்தான் உண்டுங்கான். என்ன செய்யட்டும்?"

ருஷ்தா பத்திரத்தைப் பிரித்து வைத்திருந்தாள். விரலை வைத்துக்கொண்டு அந்தப் பத்தியை மறுபடி படித்தாள். காலையில் அவசரத்தில் பாதியோடு நிறுத்தியிருந்தாள். மனித உயிரைக் காப்பாற்றுவதற்காக என்பதோடு அது முடியவில்லை. அல்லது, மனித உயிருக்கு ஆபத்து நேரக்கூடிய நிலையில் தத்தளிக்கும் கலத்துக்கு உதவுவதற்காக.

"அண்ணாச்சி! ஆளு உள்ள இருந்தா படகையே இழுக்கலாம்! தத்தளிக்கிற படகுல உயிர் இருந்தா அதுக்கு உதவலாம்னு தெளிவா இருக்கு. அவர் ஏறிட்டாத்தான் இழுக்க முடியாது. அவர் ஏறாம இருந்தா—"

அங்கேயே அவள் பேச்சை நிறுத்தினாள். தான் என்ன சொல்கிறோம் என்பது அப்போதுதான் அவள் காதில் விழுந்தது.

ஜேசுபாதம் கேட்டார். "முங்குற படகுல ஒரு மனுசன நிப்பாட்டி வச்சுக்கிட்டு இழுக்கச் சொல்லுதியா?"

"இல்ல அண்ணாச்சி. அப்படிச் சொல்லல. அவரை ஏறச் சொல்லுங்க. கேட்டுக்கிட்டே இருங்க. ஏறினா ஏத்திக்கிடுங்க, படகு போனாப் போகுது. ஏறவே மாட்டேன்னா, இழுங்க. தப்பில்ல."

ஜேசுபாதம் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் வாளிதான் பதில் சொன்னது. அதன் பிறகு அவர் வேகமானார். பருமனான வடம் ஒன்று படகுக்குப் போனது. கூடவே உயிர்காப்புச் சட்டை, நான்கு காலி வெங்காயச் சாக்கு, ஒரு தார்ப்பாய்த் துண்டு. முத்துமணி சட்டையை மாட்டிக்கொண்டான். சாக்கைச் சுருட்டிக் கிழிசலில் திணித்து, மேலே பலகை வைத்து மிதித்து அழுத்தினான். வடத்தைப் படகின் முன்வளையத்தில் கோத்துவிட்டுக் கையைத் தூக்கினான்.

தோணி மேற்கே திரும்பியது. இப்போது காற்று முகத்துக்கு நேரே. மணிக்கு மூன்று மைல் போனால் அதிகம். சுடலைக்கண்ணு கீழேயிருந்து, "சூடு ஏறுது தண்டலே!" என்று கத்தினான். "ஏறட்டும்!" என்று இவர் கத்தினார். ஒவ்வொரு அலைக்கும் வடம் தண்ணீரிலிருந்து எகிறி விறைத்துச் சொட்டியது. பின்னால் படகு மூக்கைத் தூக்கித் தூக்கி வந்தது. ஒரு மணி நேரம் அப்படியே போனது. தண்ணீர் ஏறுவது குறைந்திருக்கிறது என்று முத்துமணி சைகை காட்டினான். தோணியில் ஒருவன் விசில் அடித்தான்.

அந்த விசில் அடங்குவதற்குள் பெரிய அலை ஒன்று வந்தது. படகு பக்கவாட்டில் திரும்பி, சாய்ந்து, ஒரே மூச்சில் நிரம்பியது. முத்துமணி தூக்கி எறியப்பட்டான். ஆரஞ்சுச் சட்டை ஒரு இடத்தில் முங்கி இன்னொரு இடத்தில் எழுந்தது. ஜேசுபாதம் எஞ்சினை அடக்கினார். மிதவை பறந்தது. இரண்டாவது வீச்சில் அவன் கை அதில் மாட்டியது. இழுத்துப் போட்டபோது தோணித் தளத்தில் குப்புறக் கிடந்து கடல் தண்ணீரைக் கக்கினான்.

"ஏத்திட்டோம்! ஆளை ஏத்திட்டோம்!" என்று ஜேசுபாதம் மைக்கில் கூவினார்.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று ருஷ்தா அங்கே கைதட்டினாள். கிருபாநிதி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

படகு முங்கவில்லை. ஃபைபர் என்பதால் விளிம்பு மட்டும் தெரிய, நிறைந்த தொட்டி மாதிரி கிடந்தது. ஆனால் வடம் அதை இழுக்க முடியாமல் தோணியின் பின்புறத்தையே பிடித்துத் திருகியது. தோணி சுக்கானுக்குக் கட்டுப்படவில்லை. கீழே முட்டை அட்டைகள் மளமளவென்று சரிந்தன. ஜேசுபாதம் வடத்தை வெட்ட இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார்.

"ருஷ்தா. இப்ப என்னம்மா?"

சுக்கான் அறை ஒலிபெருக்கியில் அவள் குரல் தோணி முழுக்கக் கேட்டது. "இப்போ படகுல ஆளு இல்ல அண்ணாச்சி. இனிமே அது வெறும் பொருள். இழுத்தா இன்சூரன்ஸுக்கு ஆகாது. ஆளு இருந்திருந்தா..."

முத்துமணி தலையைத் தூக்கினான். ஒலிபெருக்கியைப் பார்த்தான். கத்தியைப் பார்த்தான்.

யாரும் பிடிப்பதற்குள் அவன் எழுந்து ஓடிப் பின்பக்கமாகக் குதித்துவிட்டான்.

"ஏலே கூறுகெட்டவனே!"

உயிர்காப்புச் சட்டை அவனை மேலே கொண்டுவந்தது. வடத்தைப் பிடித்துக் கைமாற்றிக் கைமாற்றிப் போனான். இரண்டு அலை அவன் தலைக்கு மேல் போயின. மூன்றாவதில் படகின் விளிம்பைப் பற்றி, உள்ளே புரண்டு விழுந்து, எழுந்து இடுப்பளவு தண்ணீரில் நின்றான். இரண்டு கைகளையும் தூக்கித் தோணியைப் பார்த்துக் கத்தினான்.

"ஆளு இருக்கேன்! படகுல ஆளு இருக்கேன்!"

அழுதுகொண்டிருந்த டிக்சன் சிரித்துவிட்டான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பயத்தில் வந்த சிரிப்புத்தான். ஆனாலும் நிற்கவில்லை. ஜேசுபாதம் மட்டும் சிரிக்கவில்லை. கெட்ட வார்த்தைகளாகத் திட்டித் தீர்த்துவிட்டு, கத்தியை உறையில் போட்டு, மைக்கை எடுத்தார்.

"எழுதிக்கிடும்மா. ஒன்னு அம்பத்திரெண்டு. படகுல ஆளு இருக்கான்."

"எப்படி?"

"அதெல்லாம் வந்து சொல்லுதேன். எழுது."

எஞ்சினை மிக மெதுவாக வைத்து வடம் அறாமல் மட்டும் பார்த்துக்கொண்டார். முத்துமணி வாளி போனதால் தொப்பியாலும் கையாலும் தண்ணீரை இறைத்தான். அவனால் அது தீரவே போவதில்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டு இருபதுக்கு, மேற்கே வெயில் பட்டு மின்னிய கடலில் நான்கு கறுப்புப் புள்ளிகள் எழுந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை படகுகளாயின. மணப்பாட்டு ஆட்கள். கிருபாநிதியின் போனுக்குக் கரையில் கிடந்த படகுகளை ஓடி ஓடித் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். நெருங்கும் முன்பே இரண்டு பேர் தண்ணீரில் குதித்தார்கள். எட்டுப் பத்து வாளிகள் ஒரே நேரத்தில் இறைத்தன. நீல விளிம்பு மெல்ல மெல்ல உயர்ந்தது. இரண்டு படகுகள் அதை இருபக்கமும் அணைத்துக் கட்டிக்கொண்டன. டிக்சன் அவர்களோடு இறங்கினான்.

"தண்டலே, ஒரு நிமிசம் நில்லுங்க!" என்று முத்துமணி கூப்பிட்டான்.

"நிக்கக்கூடாதுல! காரணம் முடிஞ்சா உடனே பாதைக்குத் திரும்பணுமாம்!" என்று கத்திக்கொண்டே ஜேசுபாதம் சுக்கானைத் தெற்கே வளைத்துவிட்டார். பத்திரத்தின் அந்த வரியையும் ருஷ்தா சொல்லியிருந்தாள்.

மூன்று வாரம் கழித்துத் தோணி திரும்பியது. முட்டையில் நாலில் ஒரு பங்கு மாலேயில் இறக்கும்போதே கூழாகக் கிடந்ததால் கிருபாநிதி இழப்பீடு கேட்டிருந்தார். காப்பீட்டு நிறுவனத்திலிருந்து சந்தனச்செல்வி என்ற அதிகாரி விசாரிக்க வந்தார். மெலிந்த உருவம், மெதுவான பேச்சு. ஒரு தாளைக்கூட அவர் படிக்காமல் விடவில்லை. ருஷ்தாவின் நேரக் குறிப்பில் ஒரு இடத்தில் பேனாவை ஊன்றினார்.

"ஒன்று நாற்பத்தாறு, ஆள் ஏற்றப்பட்டார். ஒன்று ஐம்பத்திரண்டு, படகில் ஆள் இருக்கிறார். இந்த ஆறு நிமிடத்தில் என்ன நடந்தது?"

வேறு மாதிரி எழுதியிருக்கலாமோ என்று ருஷ்தா மூன்று வாரமாக நினைத்துக்கொண்டிருந்த இடம் அதுதான். ஜேசுபாதம் எதையும் மறைக்கவில்லை. கத்தியை எடுத்ததையும், ஒலிபெருக்கியில் ருஷ்தா சொன்னதையும், அதைக் கேட்டு அவன் குதித்ததையும் அப்படியே சொன்னார்.

"அப்படியென்றால் பாதுகாப்பாக இருந்தவர், படகை இழுக்க வைப்பதற்காகவே குதித்திருக்கிறார்."

"ஆமா மேடம்."

"அது தெரிந்தும் இழுத்தீர்கள்."

"மேடம், குதிச்சவன் எதுக்குக் குதிச்சான்னு கடல் கேக்காது. அவன் தண்ணியில நின்னான். வடத்தை வெட்டிட்டு நான் போனா அவன் செத்துப்போவான். அவன் கிறுக்கன்னு நான் எழுதித் தாரேன். ஆனா கிறுக்கனும் ஆளுதான?"

சந்தனச்செல்வி குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எழுந்து போகும்போது மட்டும் ருஷ்தாவின் மேசை முன் நின்று, "அந்த ஆறு நிமிடத்தை நீங்கள் அழிக்காமல் விட்டதுதான் நல்லது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

கடிதம் ஒரு வியாழக்கிழமை மதியம் வந்தது. ருஷ்தா நின்றபடியே பிரித்தாள். பாதை விலகியது நியாயமானது. படகை இழுத்த நேரம் முழுவதும் அதில் அடங்கும். சரக்குச் சேதம் ஏற்கப்படுகிறது. அவள் போட்ட கூச்சலில் கீழ்க்கடைக்காரர் மாடிப்படி வரை ஏறி வந்துவிட்டார். கிருபாநிதி கடிதத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, ஒரு டப்பா மக்ரூன் வாங்கி வர ஆள் அனுப்பினார். ஜேசுபாதம் அப்போது அடுத்த நடைக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். போனில் விஷயத்தைக் கேட்டு, "சரிம்மா, சரிம்மா" என்று நாலைந்து தடவை சொன்னார். மணப்பாட்டுக்குப் போன் போட்டபோது டிக்சன்தான் எடுத்தான். அத்தான் கடலுக்குப் போயிருக்கிறார், படகில் ஒட்டுப் போட்ட இடம் இப்போது கல் மாதிரி இருக்கிறது என்றான்.

மாலையில் காயல்பட்டினம் பஸ்ஸில் ருஷ்தாவுக்கு ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் கூடையோடு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். முன்பின் தெரியாதவர். ருஷ்தாவால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. "உங்களுக்கு ஒரு விஷயம் சொல்லட்டுமா?" என்று ஆரம்பித்தாள். மஞ்சள் சட்டை, வாளி, வெங்காயச் சாக்கு என்று ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டு போனாள். முன் சீட்டில் இருந்த இரண்டு பேர் திரும்பி உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார்கள். முத்துமணி குதித்த இடம் வந்தபோது கண்டக்டரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார்.

"அப்புறம்? ஆளு பொழைச்சானா?" என்று அந்த அம்மாள் கூடையை மடியில் இறுக்கிக்கொண்டு கேட்டார்.

"இருங்க, சொல்லுதேன்" என்றாள் ருஷ்தா. அவள் இறங்க வேண்டிய நிறுத்தம் அப்போது ஜன்னலுக்கு வெளியே கடந்து போனது.